மிச்சத் துணியில் மெத்தென்ற பிடிதுணி: வெட்டுவதிலிருந்து துவைப்பது வரை

பால் பொங்கிவிட்டது. அவசரத்தில் மேடை துடைத்த துணியையே நான்காக மடித்துப் பாத்திரத்தைப் பிடித்தேன். துணி தடிமனாகத்தான் இருந்தது. ஆனால் ஈரம். பாத்திரத்தைத் தூக்கி இரண்டடி நகர்வதற்குள் சூடு உள்ளங்கையில் ஏறிவிட்டது. அன்று கையில் எழுந்த கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆனது. அதன் பிறகுதான் சூடான பாத்திரத்தைப் பிடிக்கும் பிடிதுணியைப் பற்றி நான் முறையாக யோசிக்கத் தொடங்கினேன்.

சூட்டைத் தடுப்பது துணி இல்லை, துணிக்குள் அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று. துணி நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் விரைவாகச் சூட்டைக் கடத்தும். இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், இங்கே நான் சொல்லும் அளவுகளும் எச்சரிக்கைகளும் ஏன் என்று உங்களுக்கே புரிந்துவிடும். நடுவில் என்ன வைப்பது, தையல் வரிகளுக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது, எப்படி உலர்த்துவது என்று எல்லாமே அந்தக் காற்றைக் காப்பாற்றும் வேலைதான்.

மேல்துணி, நடுவில் மெத்தென்று ஒன்று, அடித்துணி என மூன்று அடுக்குகளைச் சேர்த்து ஊடுருவித் தைப்பதைக் குயில்டிங் என்கிறார்கள். பெயர் வெளியூர்ப் பெயராக இருந்தாலும் வேலை நமக்குப் புதிதில்லை. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி நூலோட்டித் தைக்கும் காந்தா இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் கிழிந்த துணிகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அடுக்கிக்கொண்டே போய்க் கவந்தி என்ற போர்வையைக் கையாலேயே தைக்கிறார்கள். நம் கரூரில் இருந்து சமையலறைத் துணிகள் கப்பலேறி வெளிநாடுகளுக்குப் போகின்றன. அப்படியிருந்தும் நம் வீட்டு அடுப்படியில் பெரும்பாலும் தொங்குவது கிழிந்த பனியன்தான். அந்த இடத்தில் நல்லதாக ஒன்று தொங்க வேண்டும் என்பது என் ஆசை.

எந்தத் துணி ஆகும், எது ஆகாது

பருத்தி மட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பாலியெஸ்டர் 250 முதல் 260 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். அதற்கு முன்பே இளகத் தொடங்கும். எரியும் அடுப்பில் காலியாக விட்ட இரும்புத் தோசைக்கல் அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். உருகிய பாலியெஸ்டர் கல்லில் ஒட்டும், தோலிலும் ஒட்டும். பருத்தி உருகாது. அதிகச் சூட்டில் பழுப்பாகும், கருகும், தீயில் பட்டால் எரியவும் செய்யும். ஆனால் எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் கருகும். அந்த வாசனை மூக்கில் ஏறும்போது கையை எடுக்க நமக்கு நேரம் இருக்கிறது.

தையல்காரரிடம் இருந்து வரும் வெட்டுத்துணிகளில் எது பருத்தி, எது கலப்பு என்று கண்ணால் சொல்வது கடினம். எரித்துப் பார்ப்பதே எளிய வழி. துணியின் ஓரத்தில் இருந்து நாலைந்து இழைகளை உருவி, முறுக்கி, இடுக்கியில் பிடித்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி உடனே பற்றிக்கொண்டு காகிதம் எரியும் வாசனையைத் தரும். மிஞ்சும் சாம்பல் சாம்பல் நிறத்தில், விரலால் தொட்டால் பொடியாகப் போகும். பாலியெஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கும், கரும்புகை விடும், ஆறியதும் நுனியில் கறுத்த மணி போல ஒரு கட்டி நிற்கும். அந்தக் கட்டியை நகத்தால் நசுக்க முடியாது. முடி பொசுங்கும் நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. அதை வேறு எதற்காவது எடுத்து வையுங்கள். சாம்பலோடு சின்னக் கட்டிகளும் இருந்தால் கலப்பு நூல். அதுவும் வேண்டாம்.

பழைய நூல் சேலை, சுங்குடி, வேட்டி, லுங்கி, பருத்திச் சட்டை, சுடிதார் வெட்டியபோது மிஞ்சியவை, ரவிக்கைக்கு உள்ளே வைக்கும் பருத்தி லைனிங் எல்லாம் நன்றாகப் பயன்படும். லுங்கியில் உட்காரும் இடம் நைந்திருந்தாலும் ஓரங்கள் பலமாகவே இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கட்டம் கட்டமாக ஒளி ஊடுருவும் இடத்தை வெட்டி எறிந்துவிடலாம். ஜரிகை ஓரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைக்காதீர்கள். உலோக இழையானால் சூட்டைக் கடத்தும், பிளாஸ்டிக் இழையானால் உருகும்.

தைப்பதற்கு முன் எல்லாத் துணிகளையும் ஒருமுறை வெந்நீரில் நனைத்து அலசி உலர்த்துங்கள். பருத்தி சுருங்கும் இயல்புடையது. புதுத்துணியும் பழைய துணியும் அருகருகே தைக்கப்பட்டு, முதல் சலவையில் ஒன்று மட்டும் சுருங்கினால் நடுவில் கொப்பளம் போலத் தூக்கிக்கொள்ளும். சாயம் போகிறதா என்று பார்க்க, நனைந்த துணியை ஒரு வெள்ளைத் துணிக்குள் சுருட்டி அரை மணி நேரம் வையுங்கள். கறை படிந்தால் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். அப்படியும் தெளியாத சிவப்பும் கருநீலமும் வெளிர் நிறத் துணிகளின் பக்கத்தில் போகக் கூடாது.

பிடிதுணியின் உயிர் நடுவில்

கடையில் விற்கும் வெள்ளைப் பஞ்சு விரிப்புகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். தலையணைக்கு நல்லவை, அடுப்படிக்கு ஆகாதவை. ஸ்பாஞ்சும் அப்படித்தான். நமக்கு வேண்டியது வீட்டிலேயே இருக்கிறது. பழைய டர்க்கி துண்டுதான் அது. அதன் பரப்பில் நிற்கும் சின்னச் சின்ன நூல் வளையங்களுக்குள் காற்று தங்கும். இரண்டு அடுக்கு வைத்தால் வழக்கமான பாத்திரங்களுக்குப் போதும். டர்க்கி துண்டு கிடைக்காவிட்டால் ஈரிழைத் துண்டை நான்கு அடுக்காக வைக்கலாம். பழைய பருத்திப் போர்வையும் நல்லது. சென்னிமலைப் போர்வை ஒன்று கிழிந்திருந்தால் அதில் இரண்டு அடுக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

தைக்கும் முன்பே அடுக்குகளைச் சோதித்துவிடுங்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கும் நீரை முக்கால் அளவு ஊற்றி மேசைமேல் வையுங்கள். மேல்துணி, இரண்டு துண்டு, அடித்துணி என்று நீங்கள் தைக்கப்போகும் அதே வரிசையில் அடுக்கி டம்ளரைச் சுற்றிப் பிடியுங்கள். தூக்க வேண்டாம், பிடித்தால் போதும். மனத்துக்குள் முப்பது எண்ணுங்கள். அதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் இன்னொரு மெல்லிய அடுக்கு வேண்டும். கொதிநீர் நூறு டிகிரிதான், இரும்புக்கல் அதைவிட மிக அதிகம். அதனால் இந்தச் சோதனையில் வசதியாகத் தேறியவற்றை மட்டுமே நான் தைக்கிறேன்.

மூன்று அடுக்கு டர்க்கி துண்டு வைத்தால் இன்னும் பாதுகாப்புத்தானே என்று தோன்றும். வீட்டு மிஷின் அதைத் தைக்கத் திணறும் என்பது ஒரு சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், விரல்கள் மடங்காது, பிடி நழுவும். பிடி நழுவிய குழம்புப் பாத்திரம் சூட்டைவிட ஆபத்தானது.

கையில் இருக்க வேண்டியவை

காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மிஷின் இந்த வேலைக்கு அருமையானது. புதிய சிறிய மிஷின்கள் திணறும் தடிமனையும் அது சிரமமில்லாமல் தைக்கும். ஊசி 16-ஆம் எண். ரவிக்கை தைக்கும் மெல்லிய ஊசியை வைத்தால் வளையும், தையல் விட்டுவிட்டு விழும். நூல் முடிந்தவரை பருத்தி. ஒரு அடிக்கோல், சாக், கூர்மையான கத்தரி, பத்துப் பன்னிரண்டு ஊக்கு. சதுரம் வெட்ட அச்சு வேண்டும். அதற்குக் கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டையைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. மிஷின் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். தடித்த ஊசியும் இரட்டை நூலும் விரல்கவசமும் இருந்தால் கையாலேயே முழுவதையும் முடிக்கலாம். இரண்டு மாலைப் பொழுதுகள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

முதல் பிடிதுணி: எட்டு அங்குலச் சதுரம்

வெட்ட வேண்டியவை இவை:

மேல்பக்கத்துக்கு இரண்டரை அங்குலச் சதுரங்கள் 16
நடுவில் வைக்க 9 அங்குலச் சதுரமாக டர்க்கி துண்டு 2
அடிக்கு ஒன்பதரை அங்குலச் சதுரம் 1
ஓரப் பட்டிக்கு இரண்டரை அங்குல அகலத்தில் கிராஸ் பட்டி (துணியை மூலைவாக்கில் சாய்வாக வெட்டிய பட்டி), 40 அங்குல நீளம்

அட்டையில் இரண்டரை அங்குலச் சதுரத்தை வரைந்து வெட்டி, அதைத் துணியின்மேல் வைத்துச் சாக்கால் கோடு போடுங்கள். சதுரத்தின் பக்கம் துணியின் பாவு நூலோடு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழையோடு, ஒட்டிப் போக வேண்டும். மிச்சத் துணியில் பாவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாவிட்டால், ஓர் இழையை மெல்ல உருவுங்கள். அது விட்டுப்போகும் நேர்க்கோடே உங்களுக்கு வழி. குறுக்காக வெட்டிய சதுரம் தைக்கும்போது இழுபடும், கடைசியில் எந்த மூலையும் எந்த மூலையோடும் சேராது.

பதினாறு சதுரங்களையும் தரையில் நான்குக்கு நான்காகப் பரப்பி நிறங்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். இந்த ஒரு கட்டத்தில் அவசரப்படவே கூடாது. சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகள், லுங்கிக் கட்டம், பிள்ளையின் பள்ளிச்சீருடையில் மிஞ்சிய நீலம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது தனித்தனியாக இருந்ததைவிட அழகாகிவிடுகின்றன. ஒரு யோசனை: ஓர வரிசைகளில் அடர்ந்த நிறங்களை வையுங்கள். பாத்திரத்தின் கரியும் எண்ணெய்க்கையும் முதலில் படுவது அங்கேதான்.

இனி தையல். முதல் வரிசையின் நான்கு சதுரங்களை, நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க வைத்து, கால் அங்குலம் விட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சேருங்கள். அந்தக் கால் அங்குலம் எல்லாத் தையலிலும் ஒன்றாக இருப்பது முக்கியம். ஊசி இறங்கும் இடத்திலிருந்து கால் அங்குலம் அளந்து, மிஷின் தட்டில் ஒட்டுநாடா ஒன்றை ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்த நாடாவை உரசியபடி போனால் போதும். ஒவ்வொரு தையலிலும் நூலளவு கூடினாலும் வரிசை முடியும்போது அது கணிசமாகக் குட்டையாகியிருக்கும்.

நான்கு வரிசைகளும் ஆனதும் இஸ்திரி போட வேண்டும். முதல் வரிசையின் தையல் மடிப்புகள் எல்லாவற்றையும் இடப்பக்கம் சாய்த்துத் தேயுங்கள். இரண்டாம் வரிசையை வலப்பக்கம். மூன்றாவது இடம், நான்காவது வலம். இப்படிச் செய்தால் இரண்டு வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் எதிரெதிராக வந்து ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் அந்தப் பூட்டு விழுவது தெரியும். அங்கே ஓர் ஊக்கைக் குத்தித் தைத்தால் நான்கு சதுரங்களின் மூலைகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும். முதல்முறை அந்தப் புள்ளி பிசகாமல் அமையும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை நான் இன்னும் மறக்கவில்லை. வரிசைகள் சேர்ந்ததும் எட்டரை அங்குலச் சதுரம் ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

மூன்றடுக்கைச் சேர்த்தல்

அடித்துணியை நல்ல பக்கம் கீழே பார்க்கும்படி மேசையில் விரித்து, நான்கு மூலைகளையும் நாடாவால் ஒட்டி நிறுத்துங்கள். இறுக்கமாக இழுக்க வேண்டாம், சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும். அதன்மேல் டர்க்கி துண்டுகள் இரண்டு. அதன்மேல் நீங்கள் தைத்த மேல்துணி, நல்ல பக்கம் உங்களைப் பார்த்து. நடுவில் ஓர் ஊக்கு, பிறகு நாற்புறமும் என்று ஒன்பது ஊக்குகள் குத்துங்கள். ஊக்கு மூன்றடுக்கையும் துளைத்து மேலே வர வேண்டும்.

தையல் வரிகளைக் குறுக்காகப் போடலாம். ஒவ்வொரு சதுரத்தின் மூலைக்கும் எதிர்மூலைக்கும் சாக்கால் கோடு இழுத்தால் ஒரு திசையில் ஏழு கோடுகள் கிடைக்கும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான தூரம். பிடிதுணிக்கு இதுவே சரியான இடைவெளி. அழகாக இருக்கிறது என்று அரை அங்குலத்துக்கு ஒரு வரி ஓட்டினால் நடுவில் இருக்கும் துண்டு முழுவதும் நசுங்கிப் பலகை போலாகிவிடும். காற்று போய்விடும். அப்படித் தைத்ததைப் பார்த்தால் கெட்டியாகத் தெரியும், பிடித்தால் சுடும். மாறாக, மூன்று அங்குலம் விட்டால் சலவையில் உள்ளே இருக்கும் துண்டு சுருண்டு ஒரு மூலைக்குப் போய்விடும்.

நடுக்கோட்டில் தொடங்குங்கள். பிறகு அதன் வலப்பக்கக் கோடு, இடப்பக்கக் கோடு என்று வெளிநோக்கிப் போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் தள்ளுண்டு வரும் துணி நடுவில் சுருக்கமாகச் சிக்கிக்கொள்ளும். தையலின் நீளத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல் விழுந்தால் போதும். மிஷின் பாதத்துக்கு மேலே இருக்கும் அழுத்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் மேல்துணி மட்டும் முன்னால் தள்ளப்படுவது குறையும்.

நான்கு மூலைகள் சந்திக்கும் முடிச்சுகளில் மிஷின் திணறும். அங்கே காலால் வேகமாக மிதிக்காதீர்கள், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பாதம் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டால், அதே தடிமனுக்கு மடித்த ஒரு துணியைப் பாதத்தின் பின்பக்கத்துக்குக் கீழே செருகுங்கள். பாதம் சமநிலைக்கு வந்து தானே நகரத் தொடங்கும். என் தையல்காரர் சொல்லிக் கொடுத்த வித்தை இது. அதற்கு முன் நான் உடைத்த ஊசிகள் பல.

கையால் தைப்பவர்கள் நடுக்கோட்டில் இருந்தே நூலோட்டம் போடலாம். கால் அங்குலத்துக்கு மிகாத தையல்கள், நூலை இறுக்காமல். ஒவ்வொரு குத்திலும் ஊசி அடித்துணியைத் தொட்டுவிட்டுத்தான் மேலே வருகிறதா என்று இடக்கை விரலால் கீழே தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊக்குகளை எடுத்துவிட்டு எட்டேகால் அங்குலச் சதுரமாக ஓரங்களை நறுக்குங்கள். மூலைகளைக் கூராக விட வேண்டாம். காப்பி டபராவைக் கவிழ்த்து வைத்து மூலைக்கு மூலை வளைவு வரைந்து வெட்டுங்கள். வளைந்த மூலையில் பட்டி தைப்பது எளிது, அடுப்புத் தீயின் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் முனையும் இருக்காது. பிறகு விளிம்பை ஒட்டி ஒரு சுற்று தையல் ஓட்டிவிட்டால் அடுக்குகள் நழுவாது.

கிராஸ் பட்டி

வளைவில் நேர்த்துணி சுருங்கும், கிராஸ் துணி வளைந்து கொடுக்கும். பழைய லுங்கியிலோ சேலையிலோ 20 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, மூலைக்கு மூலை மடித்து, அந்த மடிப்புக்கு இணையாக இரண்டரை அங்குல அகலத்தில் பட்டிகள் வெட்டுங்கள். இரண்டு பட்டிகளைச் சேர்க்கும்போது முனைகளைச் சரிவாக வைத்துத் தைத்து, தையலை விரித்து இஸ்திரி போடுங்கள். நேராகச் சேர்த்தால் அந்த இடம் மட்டும் குன்று போல நிற்கும். இரண்டு பிடிதுணிகளுக்கு வேண்டிய பட்டி இதிலேயே கிடைக்கும்.

பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேயுங்கள். மாட்டுவதற்கான காதை முதலில் வைத்துவிட வேண்டும். ஐந்து அங்குலப் பட்டியை நான்காக மடித்து ஓரம் தைத்து, வளையமாக்கி, இரு முனைகளும் விளிம்போடு சேரும்படி பின்பக்க மூலையில் குத்திக்கொள்ளுங்கள். பிறகு மடித்த பட்டியின் திறந்த ஓரத்தைப் பிடிதுணியின் பின்பக்க விளிம்போடு ஒட்டவைத்து, கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக விட்டுச் சுற்றிலும் தையுங்கள். தொடங்குவது ஒரு பக்கத்தின் நடுவில், மூலையில் அல்ல. தொடக்க முனையை அரை அங்குலம் உள்ளே மடித்து வைத்திருந்தால் முடியும் முனையை அதற்குள் செருகிவிடலாம். வளைவுகளில் பட்டியை இழுக்காதீர்கள், தளர்வாகவே விடுங்கள். இழுத்தால் பிடிதுணி கிண்ணம் போலக் குவிந்துவிடும்.

இப்போது பட்டியை முன்பக்கம் திருப்பி, முந்தைய தையலை மூடும்படி வைத்து, மடிப்பின் விளிம்பிலேயே ஒரு தையல். காது வைத்த இடத்தில் முன்னும் பின்னும் மூன்று முறை ஓட்டுங்கள். பிடிதுணி முதலில் கிழிவது அங்கேதான்.

இதே அளவில் இன்னொன்றும் தைத்துவிடுங்கள். ஒற்றைப் பிடிதுணியால் இரண்டு கைப்பிடி உள்ள பாத்திரத்தை இறக்க முடியாது.

ஒல்லிக் கீற்றுகள் மட்டும் மிஞ்சினால்

சேலைக்கு ஓரம் அடித்தபோதும் பாவாடை உயரம் குறைத்தபோதும் விழும் ஒன்றரை அங்குல, இரண்டு அங்குலக் கீற்றுகளை யாரும் எடுத்து வைப்பதில்லை. பிரிமணை செய்ய அவைதான் சரி. வைக்கோலிலும் கயிற்றிலும் திரித்த பிரிமணையின் மேல் பானை உட்கார்ந்த காலம் போய்விட்டது. சாப்பாட்டு மேசைமேல் சூட்டோடு வைக்கும் குக்கருக்கும் கீழே ஒன்று வேண்டும்தானே.

இங்கே மேல்துணியைத் தனியாகத் தைக்கத் தேவையில்லை. பத்து அங்குலச் சதுரமாக அடித்துணி ஒன்று, அதன்மேல் அதே அளவில் துண்டு இரண்டு அடுக்கு அல்லது பழைய பவானி ஜமக்காளத்தின் ஒரு துணுக்கு. அதன் நட்டநடுவில் முதல் கீற்றை நல்ல பக்கம் மேலே வைத்துப் படுக்கவையுங்கள். இரண்டாவது கீற்றை அதன்மேல் நல்ல பக்கம் கீழே பார்க்கக் கவிழ்த்து, ஓரம் ஒட்ட வைத்து, கால் அங்குலம் விட்டு அடித்துணி வரை ஊடுருவித் தையுங்கள். தைத்ததும் இரண்டாவது கீற்றை வெளிப்பக்கம் திருப்பி நகத்தால் அழுத்தி மடியுங்கள். அதன் ஓரத்தில் மூன்றாவது. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இப்படியே போனால் சேர்க்கும் தையலும் மூன்றடுக்கைப் பிடிக்கும் தையலும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். ஒரு தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டிப் பட்டி தைத்துவிட்டால் பிரிமணை தயார். புதிதாகத் தைக்க வருகிறவர்களுக்குச் சதுரங்களைவிட இதையே முதலில் சொல்லிக்கொடுக்கலாம். மூலை சேரவில்லை என்ற கவலை இதில் இல்லை.

வாணலிக் காதுகளுக்கு

வாணலியின் இரண்டு காதுகளைப் பிடிக்கப் பெரிய பிடிதுணி தோதுப்படாது, அதன் ஓரம் எண்ணெய்க்குள் தொங்கும். அதற்கு ஒரு சின்ன ஜோடி வேண்டும். எட்டு அங்குல நீளம், ஐந்தரை அங்குல அகலத்தில் முட்டை வடிவம் ஒன்றை மூன்றடுக்காகத் தைத்துக்கொள்ளுங்கள். அதே வடிவத்தின் இரு முனைகளுக்கும் மூன்றரை அங்குல ஆழத்தில் பைகள் வெட்டுங்கள். இவற்றின் நடுவில் ஒற்றைத் துண்டு போதும். பைகளின் நேர்விளிம்புக்கு முதலில் பட்டி தைத்து முடித்துவிட்டு, முட்டையின் இரு முனைகளிலும் வைத்து, சுற்றிலும் ஒரே பட்டியாக ஓட்டுங்கள். நடுவில் மடித்தால் மேல்பையில் நான்கு விரல்கள், கீழ்ப்பையில் கட்டைவிரல். கிளியின் அலகு போல வாணலிக் காதைக் கவ்விக்கொள்ளும். பைகள் வெளிப்பக்கம் வர வேண்டும், சூடு படும் உள்பக்கம் முழுத்துணி. என் அடுப்படியில் தினமும் கையில் எடுக்கப்படுவது இந்த ஜோடிதான்.

சப்பாத்தி உறை

சப்பாத்தியும் இடியாப்பமும் சூடு ஆறாமல் இருக்க ஓர் உறை தைக்கலாம். 11 அங்குல வட்டங்கள் இரண்டை, நடுவில் ஒற்றை டர்க்கி துண்டு வைத்து, தனித்தனியாகத் தைத்துப் பட்டி போட்டு முடியுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சுற்றளவில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் சேர்த்துத் தைத்துவிட்டு மீதியை வாயாக விட்டுவிடுங்கள். உள்பக்கம் பழைய வெள்ளை வேட்டித் துணி. உணவு படுகிற இடம் என்பதால் சாயம் உள்ள எதுவும் கூடாது. வேட்டித் துணியிலேயே இன்னொரு சதுரத்தை ஓரம் அடித்து, சப்பாத்தியை அதில் சுற்றி உறைக்குள் வைப்பது நல்ல பழக்கம். ஆவியின் ஈரத்தை அது குடித்துக்கொள்ளும், தினமும் அதை மட்டும் துவைத்தால் போதும்.

துவைப்பதும் உலர்த்துவதும்

கரியும் எண்ணெயும் ஏறிய பிடிதுணியை வெந்நீரில் சலவைச் சோடாவும் சோப்புத் தூளும் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கசக்குங்கள். மஞ்சள் கறைக்குத் தனியாக எதுவும் வேண்டாம். சோப்புப் பட்டதும் சிவந்து பயமுறுத்தும், நல்ல வெயிலில் இரண்டு நாள் காய்ந்தால் தானே வெளுக்கும்.

உலர்த்துவதில்தான் பலரும் தவறுகிறார்கள். மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், நடுத்துண்டில் ஈரம் தங்கியிருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாகத் தெரிந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு முழு வெயிலில் காய வையுங்கள். மழைக்காலத்தில் ஒரே நாளில் காயாது என்பதால் இரண்டு ஜோடிகளாவது கைவசம் இருக்க வேண்டும். காய்ந்தபின் இஸ்திரி போடாதீர்கள். வெயிலில் மீண்டும் எழுந்து நிற்கும் நூல் வளையங்களை அது படுக்கவைத்துவிடும். அதற்குப் பதிலாக நன்றாக உதறி, உள்ளங்கைகளுக்கு இடையே கசக்கிவிடுங்கள்.

அடுப்பு மேடையைத் துடைக்கும் துணியை ஓர் ஆணியிலும் பிடிதுணியைச் சற்றுத் தள்ளி இன்னோர் ஆணியிலும் மாட்டுங்கள், இரண்டும் தீக்கு எட்டாத தூரத்தில். எங்கள் வீட்டில் ஈரத்துணி தொட்டியின் பக்கம், பிடிதுணி ஜன்னல் பக்கம். வீட்டுக்கு வருகிறவர்கள் உதவிக்கு அடுப்படிக்குள் நுழைந்தாலும் முதலில் நான் காட்டுவது அந்த இரண்டாவது ஆணியைத்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே டம்ளர் சோதனையைச் செய்து பாருங்கள். முப்பது எண்ணும்வரை தாங்காதது, கருகி மொறமொறப்பானது, நடுவில் துண்டு விலகி ஒளி தெரிகிறது என்றால் அதைப் பிரித்துவிடலாம். பட்டியும் மேல்துணியும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவற்றைத் துவைத்து அடுத்த பிடிதுணிக்கு எடுத்துக்கொண்டு, உள்ளே புதிதாக இரண்டு அடுக்குத் துண்டு வைத்துத் தையுங்கள்.